முன்னூறு மீட்டருக்குள்

எங்கள் பக்கத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது விளக்கம் கேட்டு எழுதுவார்கள். விளக்கம் எழுதுகிற வேலையிலிருந்துதான் நான் ஓய்வு பெற்றிருக்கிறேன். சக்கர நாற்காலி ஏறுவதற்கு அங்கே ஒரு சாய்தளம் வேண்டும் என்று கேட்டபோது, கல் குவாரி வைத்திருக்கும் குடும்பம் ஒன்று அதைத் தன் செலவில் போட்டுக் கொடுத்தது. சிமெண்டில் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் கருங்கல்லில் போட்டார்கள். அதுவும் பட்டறையில் மெருகேற்றிய கருங்கல். திறப்பு விழாவன்று அதில் குனிந்து தலை சீவிக்கொள்ளலாம் போலிருந்தது. முதல் மழைக்கு ஒரு நர்ஸ், இரண்டு நோயாளிகள், நோயாளியைப் பார்க்க வந்த ஒரு வார்டு உறுப்பினர் என்று பதவி வித்தியாசம் இல்லாமல் சறுக்கி விழுந்தார்கள்.

மறுநாள் காலையில் அந்தக் குடும்பத்துப் பெரியவர் நாலு ஆட்களோடு வந்தார். ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, தானே குத்தவைத்து உட்கார்ந்து, உளியால் மெருகு முழுவதையும் கொத்தி எடுத்தார். அன்றைக்கு நான் வேறு வேலையாக அங்கே போயிருந்தேன்.

"என்னங்கய்யா, போட்டதும் நீங்க, கெடுக்கிறதும் நீங்களா?" என்றேன்.

"நல்லதாக் குடுக்கணும்னு நெனச்சேன் ஆத்தா. நல்லது வழுக்குது. என்ன செய்யச் சொல்றீக?" என்றார், தலையைத் தூக்காமல்.

கல்லில் சம்பாதித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. அவர்கள் கொடுத்த பஸ் நிழற்குடையிலும் இதே கதை. உட்காரக் கற்பலகை போட்டிருந்தார்கள். சித்திரை மாதத்து மத்தியானத்தில் அதில் உட்கார்ந்தவர் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிடுவார். இன்றைக்கும் செய்தித்தாளை விரித்துத்தான் உட்காருகிறார்கள். ஆனால் ஒன்று: அதே சாலையில் அரசு போட்ட இரும்பு நிழற்குடைகள் துருப்பிடித்து விழுந்து, அவற்றுக்கான ஏல அறிவிப்பும் வந்து, ஏலம் எடுக்க ஆளில்லாமல் கிடக்கின்றன. கல் நிழற்குடை அப்படியே நிற்கிறது.

நான் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கிறிஸ்தவ கிராமத்தில் பிறந்தவள். அப்பா பள்ளி ஆசிரியர். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, தாசில்தாராக வெளியே வந்தேன். இடைப்பட்ட வருடங்களில் பெரும்பகுதி நிலத்தை அளப்பதிலும், அளந்ததை எழுதுவதிலும், எழுதியதை எவன் மாற்றினான் என்று தேடுவதிலும் போயிற்று. அதனால் இங்கே எந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். மலை மேலிருந்து ஏலக்காய்ப் பணம் இறங்கிவரும். லோயர் கேம்ப் வழியாக அணைத் தண்ணீர் இறங்கி, நெல்லும் திராட்சையும் தென்னையுமாகப் பணம் ஆகும். தேனியில் பஞ்சும் நூலும் பணம் செய்தன. இந்த மூன்று வகைக் குடும்பங்களும்தான் பெரிய வீடு கட்டின, தேர் வடத்தைத் தொட்டுக் கொடுத்தன, கல்யாணத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தன. பாறையில் பணம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பாறை என்றால் ஆடு மேய்கிற இடம், அவ்வளவுதான்.

பெரியவர் அந்தப் பாறைச் சரிவுகளில் கொஞ்சத்தை விலைக்கு வாங்கினார். வாங்கிய காலத்தில் விற்றவர்கள் வீட்டில் சிரித்திருக்கிறார்கள். முதலில் சாலைக்கு ஜல்லி, பிறகு வீட்டு அஸ்திவாரத்துக்குச் சக்கைக் கல், பிறகு கிரஷர், அதன் பிறகு மெருகுப் பட்டறை. நாலு வழிச் சாலை வந்தபோது சிரித்தவர்களின் பேரன்கள் அவரிடம் வேலை கேட்டு வந்தார்கள். அவர் கொடுத்தார். அதற்குள் தேனி பக்கத்தில் பெரிய வீடு எதுவும் அவருடைய கல் இல்லாமல் எழும்பவில்லை. கடைசியில் ஏலக்காய் வீட்டுப் பெண் ஒருத்தி அவருக்கு மருமகளாக வந்தாள். ஒரு காலத்தில் அவரைக் 'கல்லு ஒடைக்கிறவன்' என்று சொல்லி விழாக் கமிட்டியில் சேர்க்காத குடும்பம் அது. சம்பந்தம் பேசும்போது அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த மண்டபமே அவர் கட்டியதுதான் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. இங்கே மரியாதை தெரிந்தவர்கள் அதிகம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. குவாரியில் மேலிருந்து படி படியாக வெட்டி இறங்குவார்கள். ஒவ்வொரு புதுப் படி திறக்கும்போதும் அதிலிருந்து வரும் முதல் கல் விற்பனைக்கு இல்லை. அது ஊர்ப் பொதுவுக்குப் போக வேண்டும். அது எங்கே போகிறது என்பதில் அவர் சாமி, சாதி பார்த்ததில்லை. எங்கள் மாதா கோவிலின் வாசற்படி அப்படி வந்த கல். அம்மன் கோயில் மண்டபத்துத் தூண்களும், அரசு பெண்கள் பள்ளியின் கொடிமேடையும், சந்தையில் ஆடு கட்டும் கற்களும் அப்படித்தான். குவாரி எத்தனை படி இறங்கியிருக்கிறது என்று எண்ண விரும்பினால் ஊரைச் சுற்றி வந்தால் போதும். நான் அளவுச் சங்கிலியோடு போய் எண்ணியதைவிட அது துல்லியமாக இருக்கும்.

அம்மன் கோயிலுக்கு ஒரு தூண் போன அன்று லாரியைச் சாலையில் மறித்தவள் நான்தான். குவாரியிலிருந்து எந்தக் கல் வெளியே போனாலும் நடைச்சீட்டு வேண்டும். எவ்வளவு கல், எங்கே போகிறது என்று எழுதிய சீட்டு. அந்த லாரியில் மஞ்சள் குங்குமம் வைத்த கல்லும், மேளக்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். சீட்டு இல்லை. பெரியவர் பின்னாலேயே காரில் வந்தார்.

"சாமிக்குப் போற கல்லு ஆத்தா. இதுக்குமா சீட்டு?"

"சாமி கேட்டா காட்டணும்ல."

மேளக்காரர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. ஆளை அனுப்பிச் சீட்டு எழுதி வரச் சொன்னார். சீட்டு வரும்வரை முக்கால் மணி நேரம் மேளக்காரர்கள் ரோட்டோரம் நின்று வாசித்தார்கள். அதற்குப் பிறகு அவர் கொடுத்த எந்தக் கல்லும் சீட்டு இல்லாமல் போனதில்லை. கோவில் படிக்கல் வந்தபோது எங்கள் பங்குச் சாமியார் கையிலும் ஒரு நடைச்சீட்டு இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குள் வைத்திருந்தார்.

இப்படிப்பட்டவர் கொடுத்ததில் ஒன்று மட்டும் காகிதத்தில் ஏறாமல் போயிற்று. அதற்குக் காரணம் நான்.

குவாரி மலையின் அடிவாரத்தில் அவர் தன் தொழிலாளர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். வருசநாட்டுப் பக்கமிருந்தும் மழை பொய்த்த மேட்டு ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். வீடுகள் முப்பது இருக்கும். எல்லாம் கல் சுவர். குவாரி நிலம் அவருடைய பட்டா. வீடுகள் நின்றது அதை ஒட்டிய பாறைப் புறம்போக்கில். அரசு நிலம். "பட்டா வாங்கித் தர்றேன், பயப்படாம இருங்க" என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். பட்டா வருவதற்குள் குவாரிக் குத்தகை முடிந்து, புதிதாக எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கல் இருக்கும் நிலம் யாருடையதானாலும் அதை வெட்ட அரசு குத்தகை தர வேண்டும். அதற்கு வருவாய்த் துறை அறிக்கை வேண்டும்.

விதி எளிமையானது. குடியிருப்பிலிருந்து முன்னூறு மீட்டருக்குள் குவாரி கூடாது. குடியிருப்பு என்றால் என்ன என்பதையும் விதியே சொல்லிவிடுகிறது: வருவாய்க் கணக்கில் ஊர் நத்தம் என்றோ வீட்டுமனை என்றோ பதிவாகியிருக்க வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவாக இருக்க வேண்டும். அந்த முப்பது வீடுகள் இரண்டும் இல்லை. நான் நேரில் போனேன். ஒரு வீட்டில் எனக்கு மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்து, 'முன்னூறு மீட்டருக்குள் அங்கீகரிக்கப்பட்ட குடியிருப்பு ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த அறிக்கையில் தணிக்கைக் குறிப்பு எதுவும் எழுந்ததில்லை. அதன் பேரில் குவாரி இன்னும் பல வருடம் ஓடிற்று. பெரியவர் காலமானார். நான் ஓய்வு பெற்றேன்.

போன கோடையில் ஒருநாள் காலை என் வீட்டு வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றாள். என் வயது இருக்கும். கிரஷர் வருவதற்கு முந்திய காலத்தில் கையால் ஜல்லி உடைத்தவள் என்பது விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது.

"தாசில்தாரம்மா நீங்கதான?"

"இப்ப இல்ல. உள்ள வாங்க."

வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "நாங்க அங்கன இருக்கமா இல்லையா? மொதல்ல அதச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். குவாரிக் குத்தகை மறுபடி முடியப் போகிறது. புதுக் குத்தகை எடுத்தால் வீடுகளைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று அங்கே பேச்சு பரவியிருந்தது. பட்டா கேட்டு அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்த இளைஞர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் வீடே இல்லையே என்று சொல்லியிருக்கிறார்.

"'அப்ப நான் எங்கனருந்து வாரேன், ஆகாசத்துலருந்தா?'ன்னு கேட்டேன். ரிப்போட்ல இல்லைங்கிறாப்ல. ரிப்போட்ட யாரு எழுதுனதுன்னு கேட்டா, உங்க பேரச் சொல்றாக." என்னை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கு மோரு குடுத்தது நாந்தான்."

எழுந்து போய்க் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தேன்.

"உப்புப் பத்தலையோ என்னமோன்னு நெனச்சேன், வீட்டையே எழுதாம விட்டுட்டீக," என்றாள்.

அன்றைக்கே மனு எழுதினேன். நான் அரசுக்கு எழுதிய அறிக்கைகளை எல்லாம்விட அது நன்றாக வந்தது. வருடம் ஒருமுறை ஊர்க் கணக்கைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நாள் பார்த்துக் கொடுக்கச் சொன்னேன். அன்று கொடுக்கும் மனுவுக்கு எண் விழும், எண் விழுந்த மனுவைத் தொலைப்பது கொஞ்சம் சிரமம். கூட வைக்க அவள் கொண்டுவந்த காகிதங்களைப் பார்த்தேன். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, மின்கட்டண அட்டை, ஊராட்சி வீட்டுவரி ரசீது. எல்லாத் துறையும் அவள் அங்கே இருப்பதாகத்தான் சொல்லிற்று. என் துறை ஒன்றுதான் இல்லை என்றது.

"ஒண்ணு தெரிஞ்சுக்கங்க," என்றேன். "உங்களுக்குப் பட்டா வந்துட்டா அந்த எடம் கணக்குல குடியிருப்பு ஆயிரும். அதுக்கப்புறம் அந்த மலையில வெட்ட முடியாது. குவாரி நின்னுரும்."

"நின்னா?"

"உங்க மருமகன் அங்கதான வேலை பாக்கிறாரு?"

யோசித்தாள். "வேலைக்கு எங்கிட்டாச்சும் போயிக்கிருவோம். ராத்திரி வந்து படுக்க எடம் வேணும்ல."

அந்த வாரமே பெரியவரின் மகன் வந்தார். அறுபது வயது. அப்பாவைப் போல வெள்ளை வேட்டி. அப்பாவிடம் இல்லாத அளவு மரியாதை. கையில் தடித்த கோப்பு.

"புதுக் குத்தகைக்கு விண்ணப்பம் போடணும் மேடம். வரைபடம், சுரங்கத் திட்டம் எல்லாம் இருக்கு. நீங்க ஒரு தடவ பாத்துட்டீகன்னா கண்ண மூடிக்கிட்டுக் குடுத்துருவேன்."

அவருக்குக் காபி கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடிக்கும்வரை பொறுத்திருந்து, வீட்டுமனைப் பட்டா கேட்டு ஒரு மனு போகிறது, எழுதியது நான்தான் என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். "என் வயித்துல அடிக்கிற மனுவ நீங்களே எழுதிட்டு எனக்குக் காபியும் குடுக்குறீக."

"காபி ஆறுது. குடிங்க."

குடித்தார். கோபத்தில் எழுந்து போகாமல் குடித்தார் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். என் பணிக்காலத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்குக் காபியைத் தட்டிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"ரெண்டும் ஆகுற மாதிரி வழி கெடையாதா மேடம்? உங்களுக்குத் தெரியாத வழியா?"

"இருக்கு. தூரமா வேற எடத்துல மனை போட்டுக் குடுங்க. அவுக சம்மதிச்சு எந்திரிச்சா, இங்க மனு தானா விழுந்துரும்."

அவர் முகம் தெளிந்தது. பைபாஸ் பக்கம் அவருக்குச் சொந்த நிலம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை அடிவாரத்துக்குப் போனார். முறைகளை விளக்கிச் சொல்ல என்னையும் அழைத்துக்கொண்டார். வேப்ப மரத்தடியில் முப்பது வீட்டாரும் கூடியிருந்தார்கள். மகன் நன்றாகப் பேசினார். பைபாஸ் ஓரத்தில் மனை, மனைக்குப் பட்டா, வீடு அவர் செலவு, தரைக்கு டைல்ஸ்.

"மெருகு போட்டதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆஸ்பத்திரிக் கதை அங்கே வரை போயிருக்கிறது. கூட்டம் சிரித்தது. மகனும் சிரித்தார்.

மோர் கொடுத்த அந்தப் பெண்மணி எழுந்தாள்.

"முதலாளி, நல்ல எடந்தான். இல்லைங்கல. ஆனா ஒண்ணு கேக்கேன். உங்க அய்யா இந்தச் செவரு வைக்கயில நான் சாந்து எடுத்துக் குடுத்தேன். 'இது உனக்கு ஆத்தா'ன்னாக. இதுன்னு இதத்தான் காட்டுனாக. பைபாஸ காட்டல."

"அது சரி. ஆனா சட்டம் இருக்குல்ல. வெடி வைக்கிற எடத்துக்கு இம்புட்டுப் பக்கத்துல…"

"இத்தன வருசம் நீங்க வெடி வைக்கயில நாங்க இங்கனதான இருந்தோம்? செவரு அதிரும். கைப்பிள்ளையத் தூக்கிட்டு அந்தப் பாறை மறைவுக்கு ஓடுவோம். அப்ப எவரும் தூரம் அளக்கல. இன்னைக்கு மட்டும் டேப்ப எடுத்துட்டு வாரீக."

அவர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். அளக்க வேண்டியவள் நான்தான், அளந்துமிருந்தேன்.

"ஏ புள்ள, முதலாளியப் பேசாத," என்று ஒரு கிழவர் அவளை அதட்டினார்.

"பேசலையே. கேக்கேன்," என்றாள். "எங்க வீடு இருந்தாத்தான் இது ஊரு. அவுக குவாரி ஓடணும்னா இது ஊரா இருக்கக் கூடாது. அம்புட்டுத்தான விசயம்?"

விதியை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. துறைத் தேர்வுக்கு நான் படித்த புத்தகத்தில் இது இரண்டரைப் பக்கம் வரும். அன்று மாலை யாரும் எதற்கும் சம்மதிக்கவில்லை. மகன் காரில் என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

ஜமாபந்தியில் கொடுத்த மனு, அதிசயமாக, நகர்ந்தது. நிலத்தைப் பாறையிலிருந்து நத்தமாக வகை மாற்றலாம் என்று புதிய தாசில்தார் எழுதினார். அடுத்த படி, ஊரில் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபணை இருப்பவர்கள் பதினைந்து நாளுக்குள் கொடுக்கலாம் என்று தண்டோரா போடுவது. இங்கேதான் எல்லாம் இருந்தது. பெரியவரின் மகன்தான் ஒட்டிய நிலத்துக்காரர், குவாரி நடத்துகிறவர், இவ்வளவு பெயர் உள்ள குடும்பம். இவர்கள் எழுதிக் கொடுத்தால் எந்த அதிகாரியும் கோப்பை மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவிடுவார். பிறகு அது எந்தக் காலத்திலும் இந்தப் பக்கம் வராது. இதை அடிவாரத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் பதினைந்து நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

எட்டாம் நாள் பெரியவரின் பேரன் எனக்குப் போன் செய்தான். பொறியியல் படித்தவன், கிரஷரைப் பார்த்துக்கொள்பவன். ஆட்சேபணையைப் பதிவுத் தபாலில் அனுப்பலாமா, நேரில்தான் கொடுக்க வேண்டுமா என்று கேட்டான். தபாலிலும் அனுப்பலாம், கெடு தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்றேன். முறையைக் கேட்டால் முறையைச் சொல்வேன். யார் கேட்டார்கள் என்று பார்த்துச் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. போனை வைத்துவிட்டு, வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பதினைந்தாம் நாள் கிராம நிர்வாக அலுவலரின் அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. வருமானச் சான்று ஒன்றின் நிலவரம் கேட்க வந்ததாகச் சொன்னேன். அது பொய் என்று அலுவலருக்குத் தெரியும். வெளியே படியில் அந்தப் பெண்மணியும் அடிவாரத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் வந்த தபாலில் ஆட்சேபணை எதுவும் இல்லை. அவர்கள் அப்படியும் போகவில்லை.

மூன்று மணிவாக்கில் கார் வந்து நின்றது. மகன் இறங்கினார். சட்டைப் பையில் மடித்த காகிதம். படியில் இருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். அந்தப் பெண்மணி எழவில்லை. அவர் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, காகிதத்தை அலுவலரின் மேசையில் வைத்தார்.

அலுவலர் வயதில் சின்னவர். படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"சார், இது… 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை'ன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"ஆட்சேபணை இருந்தாத்தான் சார் எழுதிக் குடுக்கணும். இல்லைன்னா சும்மா இருந்தாப் போதும். இதுக்குப் படிவமே கெடையாது."

"சும்மா இருந்தா நாளைக்கு என் பையன், 'அன்னைக்கே அனுப்பிட்டேன், தபால் தாமதமாயிருச்சு'ன்னு ஒரு பேப்பரக் கொண்டு வருவான். எனக்கு அவனத் தெரியும். எழுத்துல இருக்கட்டும்."

முப்பது வருடத்துக்கும் மேல் நடைமுறை பார்த்தவள் நான். தன் குடும்பத்தின் கதவைத் தானே சாத்தி, சாவியையும் எழுத்துப்பூர்வமாக அலுவலகத்தில் ஒப்படைத்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன். அலுவலர் உதவி கேட்டு என் பக்கம் திரும்பினார். "இதர கடிதங்கள் பதிவேட்டுல ஏத்துங்க. எண் போட்டு ரசீது குடுங்க," என்றேன்.

அவர் எண் போடும்வரை மகன் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊர்ல எங்கிட்டுத் திரும்புனாலும் எங்க கல்லுதான் மேடம்," என்றார் மெதுவாக. "மண்டபம், பள்ளிக்கூடம், உங்க கோவில் படி. எல்லாத்துக்கும் சீட்டு இருக்கு, ரசீது இருக்கு. கல்ல ஒடைச்சவுகளுக்குக் குடுத்ததுக்கு மட்டும் இல்லைன்னு சொன்னா, அப்புறம் நாங்க என்ன குடுத்தோம்?" பிறகு, தான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டதாகத் தோன்றியிருக்க வேண்டும். "வீட்ல ஒரு வாரமா யாரும் பேசுறதில்ல. சோறு மட்டும் போடுறாக," என்று சேர்த்துக்கொண்டார்.

வெளியே வந்து படியில் நின்றார். அந்தப் பெண்மணி அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன எழுதிக் குடுத்தீக?"

"உள்ள கேட்டுக்க."

அவர் போய்விட்டார். அவள் உள்ளே வந்து கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துத் தெரிந்துகொண்டாள். கும்பிடுவாள், அழுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தால் அது என் தப்பு. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று மற்றவர்களைக் கிளப்பினாள்.

பாதி வெட்டிய மலை இப்போது அப்படியே நிற்கிறது. வேலை இருந்தவர்களை அந்தக் குடும்பம் தேவாரம் பக்கத்துக் குவாரிக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போகிறது. போக வர இரண்டு மணி நேரம். சிலருக்கு அது பிடிக்கவில்லை, கேரளத்துக்குத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். அவளுடைய மருமகன் வேனில்தான் போகிறான். மகனின் வீட்டில் இப்போது பேசுகிறார்கள் என்று கேள்வி. பேரன் என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறான், நின்று பேசுவதில்லை.

பட்டாவுக்கு மனைகளை அளந்து கல் நடுகிற அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சர்வேயர் டேப்பைப் பிடித்தார். முதலில் அவள் வீடு. டேப் அந்தப் பக்கம் தொய்வாக இருக்கிறது, இழுத்துப் பிடி என்று அவள் சத்தம் போட்டாள். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர், அன்று அவளை அதட்டிய அதே கிழவர், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடும் சாக்கடையைக் காட்டி அது தன் மனையில் வருகிறது என்றார்.

"எத்தன வருசமா அந்த வாய்க்கால நான் கூட்டி விட்டிருக்கேன்! ஒமக்கா?"

"கூட்டுனா ஒனக்காயிருமா? அப்ப ரோடெல்லாம் ஒன்னுதுதான்!"

ஒரு முழ அகலச் சாக்கடை. நேற்றுவரை அதில் பாதி எனக்கு, பாதி உனக்கு என்று யாரும் சொன்னதில்லை, சொல்லி ஆகப்போவதும் எதுவும் இருந்ததில்லை. இப்போது இருவரும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். சர்வேயர் டேப்பைச் சுருட்டிவிட்டு நிழலுக்குப் போனார். பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "தாசில்தாரம்மா, நீங்களே சொல்லுங்க. வாய்க்கா யாருது?"

"மனுவா எழுதிக் குடுங்க," என்றேன்.